எட்டு மணிக்கு முன்னால்

‘விடியல் வண்டி’ தொடர்: அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரத்து மழையைச் சாந்தினியின் வீட்டில் எவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. “அன்னிக்கு” என்றாலே போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும்.

அன்றைக்கு விடியலில், ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் பழைய தோட்டங்களிலும் சிறுநீரக நோயாளிகள் வேனுக்காக மழையில் நின்றார்கள். அவர்களை டயாலிசிஸ் நிலையத்துக்கு ஏற்றிச் செல்பவை இந்தக் குடும்பத்தின் வேன்கள். யாரை, எங்கே, எந்த வரிசையில் ஏற்றுவது என்று ஓட்டுநருக்குச் சொல்வது அண்ணன் தேவன் எழுதிய இணையச் செயலி. முதல் நாள் அதில் ஒரு சிறு திருத்தம் செய்து, தன் வழக்கப்படி கையாலேயே சர்வரில் ஏற்றியபோது, ஒரு கணினிக் கோப்பை அவன் தவறான இடத்தில் வைத்துவிட்டான். மறுநாள் ஓட்டுநரின் திரை வெறுமையாகக் கிடந்தது. மழையில் நின்றவர்களுள் தேவனையும் சாந்தினியையும் பெற்ற இருளாயியும் ஒருத்தி.

தேவனுக்குத் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். “நான் இல்லாம இதை யாரும் ஜாகா பண்ணிப் பாத்துக்க முடியாது. மூடிடுவோம். பழையபடி போன் அடிச்சே ஆளைக் கூப்பிடட்டும்” என்று அவன் தீர்மானித்துவிட்டான். தங்கை வெள்ளிக்கிழமைவரை பொறுக்கச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை இன்று.

ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் சாந்தினி, அங்கே விடுப்புச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். தலைநிமிர்ந்தவளின் கண்ணில் முதலில் பட்டது, இணைய மோடத்தின் தலையில் வீற்றிருந்த எலுமிச்சம்பழம்.

“அண்ணே, அதை எடு முதல்ல.”

“புது வண்டி எடுத்தா டயருக்குக் கீழே வைக்கிறோமா இல்லையா? இதுக்கு டயர் இல்லே. அதான் மேலே வச்சேன்.”

“சாறு உள்ளே இறங்கிச்சுனா லைனே போயிரும்லா.”

“அறுக்கலையே. முழுசாத்தானே உக்காந்திருக்கு. நீ உன் வேலையைப் பாரு.” தேவன் சுவரில் தொங்கிய காலண்டரை விரலால் தட்டினான். “பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னே ஏத்திடணும், சொல்லிட்டேன்.”

சாந்தினி சிரிக்கவில்லை. செயலி பிறந்த நாளிலிருந்து அண்ணன் இப்படித்தான். புதிதாக எதை ஏற்றுவதென்றாலும் காலண்டரைப் பார்ப்பான். பசியாறி முடித்து, நல்ல நேரத்தில் ஏற்றுவான். ஏற்றிய கையோடு அதே நேரத்திலேயே எல்லாவற்றையும் அமுக்கிச் சோதிப்பான். பிறகு பால் சேர்க்காத கோப்பி ஓ கலக்கிக் குடிப்பான். அவனோடு சண்டையிடுவதைவிட அந்த நேரத்துக்குள் முடிப்பது எளிது என்று அவளும் பழகிவிட்டிருந்தாள்.

இருளாயி கையில் சட்டியோடு வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். இடக்கையில், ஊசி ஏறி ஏறித் தடித்த நரம்பின்மேல் ரவிக்கைத் துணி இறுக்காதபடி மடித்துவிட்டிருந்தாள். செவ்வாய், வியாழன், சனி அவளுடைய நாட்கள். இன்று ஓய்வு.

“என்னதான்டி செய்றே? ரெண்டு பேரும் ஒரு வாரமா இதையே பேசுறீங்க.”

“டிபன் கேரியர் கட்டுறேம்மா.”

“வெளையாடாதே.”

“நெசமாத்தான். அண்ணன் இத்தனை நாளா சர்வர் வீட்டுக்குப் போயி, அங்க இருக்கிற அடுப்பிலே, அங்க இருக்கிற சட்டியிலே சமைச்சிட்டு வந்தான். சட்டி ஒரு நாள் எடம் மாறிச்சு, சோறு போச்சு. நான் இங்கேயே சமைச்சு, சோறு, கறி, கரண்டி எல்லாத்தையும் ஒரு கேரியர்லே வச்சு மூடி அனுப்பப் போறேன். கன்டெய்னர்னு சொல்வாங்க. அங்க போயித் திறந்தா போதும். அந்த வீட்டிலேயிருந்து ஒரு சாமானும் இரவல் வாங்க வேணாம்.”

“தூக்கிட்டுப் போறது யாரு?”

“அதுக்குத்தான் இந்த பைப்லைன். நான் எழுதிக் குடுத்துட்டா, அதுவே கேரியரைக் கட்டும், ருசி பாக்கும், கெட்டுப் போயிருந்தா நிறுத்திடும். நல்லா இருந்தா கொண்டுபோயி வைக்கும். வச்ச பிறகும் ஆளு சாப்பிட முடியலேனா, பழைய கேரியரையே திரும்ப வச்சிடும்.”

இருளாயி யோசித்தாள். “நீ உப்பு போட மறந்துட்டேன்னா?”

“உப்பு இருக்கானு பாக்கச் சொல்லிக் குடுத்திருந்தா பாக்கும்மா. சொல்லாததை அது பாக்காது.”

“நம்ம சீனி மாதிரி” என்றாள் இருளாயி, ஓட்டுநரான தன் தம்பியை நினைத்து. அண்ணனும் தங்கையும் ஒருசேரச் சிரித்தார்கள். இந்த வாரத்தில் அதுவே முதல் சிரிப்பு.

தேவன் ஒரு நிபந்தனை விதித்திருந்தான். எல்லாவற்றையும் இயந்திரமே செய்யட்டும். ஆனால் சர்வரில் ஏற்றும் கடைசிப் படியில் தன்னைக் கேட்க வேண்டும். நேரம் பாராமல் எதுவும் போகக்கூடாது. சாந்தினி ஒப்புக்கொண்டு, அந்த இடத்தில் பைப்லைனின் படிவரிசை நின்று காத்திருக்குமாறு செய்திருந்தாள். தேவனின் கைப்பேசிக்கு ஒரு செய்தி போகும். அவன் பட்டனை அமுக்கினால்தான் மேற்கொண்டு நகரும்.

இப்போது அவள் தன் திருத்தத்தை அனுப்பினாள். திரையில் ஒவ்வொரு படியாகப் பச்சை ஏறியது. கொள்கலன் என்னும் அந்தக் கேரியர் கட்டப்பட்டது. சோதனைகள் ஓடின. பிறகு வரிசை நின்றது. தேவனின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

அவன் காலண்டரைப் பார்த்தான், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான், அமுக்கினான்.

சற்று நேரத்தில் புதிய செயலி சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. தேவன் சந்தேகத்தோடு எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தான். இன்றைய பட்டியல் சரியாக வந்தது. ஓட்டுநர் பக்கம் சரியாக வந்தது.

“இரு. இன்னும் முடியலே” என்ற சாந்தினி, ‘அன்னிக்கு’ நடந்த அதே தவற்றை வேண்டுமென்றே செய்து அனுப்பினாள். வரிசை இரண்டாம் படியிலேயே சிவப்பாகி நின்றுவிட்டது. சர்வரில் இருந்தது இருந்தபடியே ஓடியது.

தேவன் அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அன்னிக்கு இது இருந்திருந்தா…” என்று தொடங்கியவன் முடிக்காமல் கார்ச் சாவியை எடுத்தான். “தஞ்சோங் மாலிம் போயி ரூம் பாத்துட்டு வாரேன். இன்னொரு வேலையும் இருக்கு, நேரம் ஆவும். இங்க பாரு, ஒரு ஆளு ரோட்லே நின்னாலும் மூடிடுவேன்.”

“நிக்கமாட்டாங்க.”

“வாயாலே சொல்றது சுலபம்லா.”

“நான் வாயாலே சொல்லலே. இனிமே நீயே நெனைச்சாலும் தப்பா ஏத்த முடியாது. போயிட்டு வா.”

*

பசியோடு சீனி மாமா வந்து சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. வேனை வாசலில் நிறுத்திவிட்டு, கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வந்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தை மேசையில் வைத்தார். காலையில் ஏற்றிப் போனவர்களையெல்லாம் ரத்தம் கழுவி முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தார். வேனில் ஆளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கைப்பேசியில் ஒரு முறை தட்டுவது அவர் வேலை.

“மருமகளே, உன் புது மெஷின் என் குடும்பத்தைப் பிரிச்சிரும் போலிருக்கே.”

“ஏன் மாமா?”

“பத்துமலை அண்ணனைப் பதினோராங்கட்டைத் தோட்டத்திலே இறக்கும்போது மணி பதினொண்ணு. வெயிலு மண்டையைப் பொளக்குது. இது என்ன காட்டுது பாரு, விடியக்கால மூணாம். அந்நேரத்துக்கு நான் எங்கே சுத்துனேன்னு உன் அத்தை கேட்டா நீதான் வந்து பதில் சொல்லணும்.”

சாந்தினி சிரித்தாள். “மணி காட்டுறதுலே ஏதோ சின்னக் கோளாறு மாமா. சாப்பிட்டு வந்து சரி பண்றேன்.”

பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு வாய் எடுத்தாள். இரண்டாம் வாய்க்குக் கை எழவில்லை.

பதினொன்று, மூன்று. இடையில் எட்டு மணி நேரம்.

உலகெங்கும் கணினிகளுக்கு ஒரு பொது நேரம் உண்டு. மலேசியக் கடிகாரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது. வேறு நேரம் சொல்லிக்கொடுக்காவிட்டால், கொள்கலனுக்குள் ஓடும் கடிகாரம் அந்தப் பொது நேரத்தையே காட்டும். தேவன் முதல் நாளிலேயே சர்வரின் கடிகாரத்தை மலேசிய நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். பழைய செயலி அந்தச் சர்வர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே நடந்துகொண்டது. புதியது எதையும் பார்க்காது. அந்த வீட்டிலிருந்து ஒரு சாமானும் இரவல் வாங்க வேண்டாம் என்று காலையில் அம்மாவிடம் சொன்னவள் அவள்தான்.

மணி தவறாகக் காட்டுவது சிறு கோளாறு. ஆனால் தேதி?

காலை எட்டு மணிக்குப் பிறகு நாள் முழுதும் இரண்டு கடிகாரங்களுக்கும் தேதி ஒன்றுதான். எட்டு மணிக்கு முன்னால் அப்படியில்லை. நாளை சனிக்கிழமை விடியலில் நாலரை மணிக்கு மாமா கைப்பேசியைத் திறக்கும்போது, கொள்கலனுக்குள் இன்னும் வெள்ளிக்கிழமை இரவாக இருக்கும். அது வெள்ளிக்கிழமைக்காரர்களின் பெயர்களையே காட்டும்.

“மாமா,” என்றாள் மெல்ல, “நாளைக்கு விடியக்காலையிலே இது பத்துமலை மாமா பேரைக் காட்டுனா என்ன செய்வீங்க?”

“போயி ஏத்துவேன். நீ காட்டுறதைத்தானே நான் ஏத்துறேன்?” மாமா மீயை மென்றார். “ஆனா அந்த மனுசன் ‘நேத்துதானடா கழுவுனே’ன்னு என்னைக் கழுவிடுவாரு.”

அவருக்கு அது வேடிக்கை. சாந்தினி பொட்டலத்தை மூடித் தள்ளிவைத்தாள். வெள்ளிக்கிழமைக்காரர்களின் வாசல்களில் வேன் வீணாகப் போய் நிற்கும் நேரத்தில், சனிக்கிழமைக்காரர்கள் தெருவோரத்தில் நிற்பார்கள். வியாழக்கிழமை கழுவிய அவர்களது ரத்தம் செவ்வாய்க்கிழமைவரை தாங்க வேண்டியதாகிவிடும். அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இருளாயி அவர்களுள் ஒருத்தி.

காலையில் ஓடிய அத்தனை சோதனைகளும் பச்சைதான். ஏனெனில் அவர்கள் எப்போதும் நல்ல நேரத்திலேயே ஏற்றினார்கள். நல்ல நேரத்திலேயே சோதித்தார்கள். காலண்டரில் எந்த நல்ல நேரமும் குறிக்கப்படாத அந்த இருட்டில்தான் வேன் புறப்படுகிறது. அந்தப் பொழுதில் செயலி எப்படி நடந்துகொள்ளும் என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

*

முதலில் அவள் அழைத்தது நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் நிரோஷாவை. மறைத்துவிட்டுச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அதை அவள் உட்கார விடவில்லை.

யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்தில் பிறந்த நிரோஷா, எதையும் குரல் உயர்த்தாமல் சொல்லுகிறவள். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“நீர் மறைக்காமல் சொன்னது நல்லது, சாந்தினி. ஆனால் போன கிழமை மழையிலே நிண்ட ஆக்களுக்கு நான்தான் பதில் சொன்னனான். நாலு மணிக்குள்ள சரி எண்டு எனக்குச் சொல்லும். இல்லாட்டி நாளைக்கு வாற ஒவ்வொரு ஆளுக்கும் நானே போன் அடிச்சுச் சொல்லிப்போடுவன். பிறகு இந்தச் செயலியே வேண்டாம் எண்டு நிலையத்துக் கமிட்டி சொன்னால், நான் தடுக்க மாட்டன்.”

“சரிங்க அக்கா. நாலு மணி.”

அடுத்தது தேவன். மூன்றாம் முறை அடித்தபோதுதான் எடுத்தான். பின்னணியில் யாரோ மலாய் மொழியில் வரிசை எண் கூப்பிடுவது கேட்டது. ரூம் பார்க்கப் போன இடத்தில் வரிசை எண் எதற்கு என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கிடவில்லை. முடித்ததும் குரல் உடனே கிளம்பியது.

“சொன்னேனா இல்லையா! பழைய ஃபைல் எல்லாம் என் லேப்டாப்லே இருக்கு. இப்பவே உக்காந்து கையாலே ஏத்திடுறேன். கொஞ்ச நேர வேலை. நாளைக்கு அம்மா ஒழுங்காப் போய்ட்டு வரட்டும்.”

“வேணாம் அண்ணே.”

“என்ன வேணாம்?”

“கையாலே வேணாம். நான் சரி பண்ணி பைப்லைன் வழியாத்தான் அனுப்புவேன். திங்கக்கிழமை இன்னொண்ணு வந்தா யாரு கை வைக்கிறது? நீ தொழிற்சாலையிலே நிப்பே.”

“திங்கக்கிழமை கதை எனக்கு வேணாம். நாளைக்கு அந்த வேன்லே ஏற வேண்டியது நம்ம அம்மா. உன் பிடிவாதத்துக்கு அவங்களை ரோட்லே நிறுத்துவியா?”

“நீ அன்னிக்குக் கையாலேதான் ஏத்துன.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கூர்மை அவளுக்கே உறைத்தது. மறுமுனையில் வரிசை எண் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

அவள் திரும்ப அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நேரம் கிடைக்கும். நாலு மணி திரும்பக் கிடைக்காது.

நேரக் கோளாற்றைத் திருத்த ஒரு வரி போதும். ஆனால் சாந்தினி அந்த வரியில் தொடங்கவில்லை. தவற்றைப் பிடிக்கத் தெரியாத இயந்திரத்துக்குத் தவற்றைத் திருத்திக்கொடுத்து என்ன பயன்? முதலில் அதற்கு அந்த இருட்டைக் காட்ட வேண்டும். அவள் ஒரு புதிய சோதனையை எழுதினாள். கடிகாரம் மலேசியாவின் சனிக்கிழமை விடியல் நாலரை என்று பாவித்துக்கொள், பட்டியலைத் திற, யார் பெயர் வருகிறதென்று சொல்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். வழக்கமாக அவள் எண்ணும் எழுத்துமாகச் சுருக்கமாக வைப்பாள். இன்று ஒரு முழு வாக்கியத்தையே வைத்தாள்: ‘சனிக்கிழமை விடியலில் அம்மா வண்டியில் இருக்க வேண்டும்.’

அனுப்பினாள். வரிசை ஓடியது. அந்த வாக்கியத்தின் அருகே சிவப்பு விழுந்தது.

“செவப்பா வந்திருக்கே?” பின்னால் இருளாயி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“வரணும்மா. இப்பத்தான் அதுக்கு உப்பு பாக்கத் தெரிஞ்சிருக்கு.”

பிறகுதான் அந்த ஒரு வரியை எழுதினாள்: செயலி எந்த வீட்டுக் கடிகாரத்தையும் நம்பாமல், எங்கே இருந்தாலும் மலேசிய நேரத்தையே கணக்கிட வேண்டும். மறுபடி அனுப்பினாள். கட்டியது. ருசி பார்த்தது. வாக்கியத்தின் அருகே பச்சை ஏறியது. வேறு எல்லாவற்றிலும் பச்சை.

வரிசை கடைசிப் படியில் நின்றது. ‘தேவனின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.’

கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி கடந்திருந்தது.

சோபாவில் சாய்ந்திருந்த சீனி மாமா காலண்டரை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “வெள்ளிக்கிழமை மூணுலேயிருந்து நாலரை. யமகண்டம். பேருலேயே எமன் உக்காந்திருக்கான். அவன் அமுக்குவான்னா நெனைக்கிறே? ராகு காலத்திலே பெட்ரோல்கூட அடிக்கமாட்டானே உங்கண்ணன்!”

அவள் அண்ணனை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

“அவன் அமுக்கலேனா போகாதா?” என்றாள் இருளாயி.

“போகும். அந்தப் பட்டன் வைக்கச் சொல்லி நான் எழுதின வரியை நானே அழிச்சா, கேக்காமலே போயிரும்.”

“அப்ப அழிச்சிடு.”

“மாட்டேன்.”

“ஏன்டி?”

“உன்னைக் கேக்காம எதுவும் போகாதுன்னு சொல்லித்தானே அண்ணனைச் சம்மதிக்க வச்சேன்? முதல் நாளே அதை உடைச்சா, நாளைக்கு இந்த மெஷின் சொல்ற எதை அவன் நம்புவான்? நானே நம்பமாட்டேனே.”

“நாலு மணிக்குள்ள வரலேன்னா?”

“நிரோஷா அக்கா போன் அடிச்சு எல்லாரையும் கூப்பிடுவாங்க. நீங்க யாரும் ரோட்லே நிக்கமாட்டீங்க. இதை மூடிடலாம்.” சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். கெஞ்சலும் இல்லை, விளக்கமும் இல்லை. சிவப்பான ஓட்டத்தின் இணைப்பு ஒன்று. பச்சையான ஓட்டத்தின் இணைப்பு ஒன்று. கீழே, ‘அண்ணே, இந்த ஒரு தடவை காலண்டரைப் பாக்காதே. டெஸ்ட்டோட பேரைப் பாரு.’

செய்தி போய்ச் சேர்ந்ததற்கான குறி விழுந்தது. படித்ததற்கான குறி விழவில்லை.

மாமாவின் கேலிகள் ஒவ்வொன்றாக வற்றின. அவர் எழுந்துபோய், மோடத்தின்மேல் இருந்த எலுமிச்சம்பழத்தை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் ஐஸ்கிரீம்காரனின் மணி ஒலித்துக் கடந்தது. இருளாயி கைகளை மடியில் கோத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

நாலு மணிக்குக் கொஞ்சமே மீதமிருந்தபோது, நிரோஷாவின் எண்ணைத் தேடி விரல் நகர்ந்தது. தோற்றால் ஒழுங்காகத் தோற்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

“சாந்தி, சாந்தி, அது நகருது பாரு” என்றாள் இருளாயி.

நின்றிருந்த வரிசை அசைந்தது. கடைசிப் படியில் சிறு வட்டமொன்று சுழன்று, பச்சையாக மாறியது. ‘ஒப்புதல் அளித்தவர்: தேவன்.’

“யமகண்டத்திலேயா!” சீனி மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

சாந்தினி ஆசுவாசம் கொள்ளவில்லை. முதலில் சர்வரில் ஓடுவது புதியதுதானா என்று பார்த்தாள்; மாமாவின் கைப்பேசியைப் பிடுங்கி, அது காட்டிய மணியைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். பிறகு நிரோஷாவை அழைத்துச் சொன்னாள். “நல்லது. நாளைக்கு விடிய நானும் வாசல்லதான் நிப்பன்” என்று மறுமுனை பதில் சொன்னது.

அதற்குள் தேவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘அமுக்கிட்டேன். இன்னிக்கு இங்கேயே தங்குறேன். இனிமே அந்தப் பட்டன் வேணாம், எடுத்துடு.’

வென்றவளுக்குரிய மகிழ்ச்சி அவளுக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கடைசிச் சொல் ஏனோ உறுத்தியது. ‘அன்னிக்கு’ என்று தான் வீசியதன் மறுமொழியோ என்று எண்ணினாள். நாளை பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

*

சனிக்கிழமை விடியவில்லை. தாமானின் முகப்பில், தெருவிளக்கின் கீழ், சாந்தினி அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களோடு அந்தத் தாமானின் நோயாளிகள் வேறு சிலரும் நின்றார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்து, “மழை இல்லே இன்னிக்கு” என்றார். சாந்தினியின் காதில் விழட்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது.

வேனின் விளக்கு திருப்பத்தில் தெரிந்தது. சீனி மாமா கண்ணாடியை இறக்கி, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, கோயில் கமிட்டிச் செயலாளர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இருளாயி! இருக்கீங்களா?”

“நின்னுக்கிட்டுதானேடா இருக்கேன், கண்ணு தெரியலியா?”

“பேரு வந்தா கூப்பிடணும்லா. மருமக உத்தரவு.” வரிசையாக மற்றப் பெயர்களையும் வாசித்தார். எல்லாம் சனிக்கிழமைப் பெயர்கள். பெயருக்குரியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்; ஒவ்வொருவராக ஏறினார்கள்.

தன்னையறியாமல் இறுக்கிப் பிடித்திருந்த பையின் வாரை அப்போதுதான் சாந்தினியின் விரல்கள் தளர்த்தின. பையை உள்ளே வைத்தாள். இருளாயி சன்னலோரம் உட்கார்ந்து, மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

“ஜெயிச்சிட்டேடி.”

“இன்னும் இல்லேம்மா. செவ்வாய்க்கிழமையும் ஓடட்டும், அப்ப சொல்லுங்க.”

இருளாயியின் கை கன்னத்திலிருந்து விலகவில்லை. “செவ்வாய்க்கிழமை என் பேரு அதுலே வேணாம்.”

“ஏன்?”

“உங்கண்ணன் நேத்து ரூம் மட்டும் பாக்கலே. தஞ்சோங் மாலிம்லே ரத்தம் கழுவுற எடத்திலே நம்பர் எடுத்து எனக்கும் பதிஞ்சிட்டான். ஞாயித்துக்கிழமை அவனோட நானும் போறேன். அவனை ஒத்தையிலே விட எனக்கு மனசில்லே. இங்க நீ இல்லேன்னாலும் ஓடுற மாதிரி செஞ்சுட்டே, அவன் இல்லேன்னாலும் ஓடுது. அப்புறம் என்ன?”

மாமா முன்கண்ணாடியில் யாரையும் பார்க்காமல் கியரைப் போட்டார். கதவு மூடியது. வேன் நகர்ந்து, திருப்பத்தில் சிவப்பு விளக்கை ஒருமுறை காட்டிவிட்டு மறைந்தது.

சாந்தினி தெருவிளக்கின் கீழேயே நின்று அண்ணனை அழைத்தாள். இம்முறை முதல் மணியிலேயே எடுத்தான். உறங்கியிருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

“எல்லாரும் ஏறிட்டாங்களா?”

“ஏறிட்டாங்க. ஒரு ஆளும் நிக்கலே.”

“ம். அம்மா சொல்லிட்டாங்களா?”

அவள் வேன் மறைந்த திருப்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பட்டனை எடுக்கச் சொன்னியே, எடுக்கமாட்டேன்” என்றாள். “உன்னைக் கேக்காம இங்க எதுவும் போகாது, அதான் பேச்சு. என்னைக் கேக்காம அங்கயும் எதுவும் போகக்கூடாது, அம்மாவும்தான். எடுக்கணும்னா நீ வீட்டுக்கு வந்து, என் எதிர்ல உக்காந்து எடு.”

தேவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. சாந்தினி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். விடிவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.